வலிக்குப் பேரம் பேசியவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துவந்த டாக்டரம்மாவைப் பற்றி யார் கேட்டாலும், அவர் நல்லவர் என்றுதான் நான் ஆரம்பிப்பேன். அதை முதலில் சொல்லி வைத்துவிட்டால் மற்றதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வருகிறது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை வைத்துப் பார்க்கும் வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். டாக்டரம்மா அங்கே ஆறு வருஷம் இருந்தார். அந்த ஆறு வருஷத்தில் அவர் நின்றுகொண்டு ஒரு நோயாளியிடம் பேசி நான் பார்த்ததில்லை. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் இரும்பு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படுத்திருப்பவளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

திறந்தால் ஒரே கேள்வி. “எத்தனை?”

வலிக்கு எண் சொல்லச் சொல்வது இப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ள வழக்கம்தான். வலியே இல்லையென்றால் பூஜ்யம். இதற்கு மேல் வலிக்கவே முடியாது என்றால் பத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள் கேட்டுத் தாளில் எழுத வேண்டும். மற்ற டாக்டர்கள் அந்தத் தாளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இவருக்கு அந்தத் தாள்தான் எல்லாம். நோயாளி ஏழு என்று சொன்னால் ஏழு என்று எழுத விடமாட்டார். பேரம் பேசுவார்.

“ஏழா? ஏழுன்னா பெரிய வலில்லா. ஏழு வலிச்சா இப்படிக் கண்ணத் தொறந்து எம் மூக்குத்தியப் பாத்துக்கிட்டுக் கெடக்க முடியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அப்ப ஒரு ஆறு போட்டுக்கோங்கம்மா.”

“ஆறு இருமும்போதா, சும்மா கெடக்கும்போதா?”

“இருமும்போது.”

“சும்மா கெடக்கும்போது?”

“நாலு இருக்கும்.”

“நாலா, இல்ல நாலுக்கும் மூணுக்கும் நடுவுலயா?”

“நடுவுலதான்.”

“மூணுன்னு எழுதுங்க சிஸ்டர்.”

நான் எழுதுவேன். மூன்று வரைக்கும் இருந்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாலு என்று எழுதிவிட்டால் ஆபரேஷன் செய்த சர்ஜனுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். பூட்டு போட்டு வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மார்ஃபின் வகை ஊசி ஒன்றை எடுத்துப் போட வேண்டும். அந்த அலமாரி திறக்கப்படுவதுதான் டாக்டரம்மாவுக்கு ஆகாது. காலையில் வந்ததும் “வணக்கம்” சொல்வதற்கு முன்னால் “பூட்டு தொறந்தீங்களா?” என்று கேட்பார். இல்லை என்றால் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நாங்கள் இல்லை என்று சொல்லக் காத்திருப்போம்.

அவர் பேரெடுத்ததே அதில்தான். மார்பில் புற்று வந்து மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்குத் திரும்ப மார்பு அமைத்துக் கொடுக்கும் ஆபரேஷன் எங்களிடம் நடந்தது. மதுரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வாரத்தில் இரண்டு நாள் வந்து தங்கிச் செய்துகொண்டிருந்தார். முதுகிலிருந்து ஒரு தசையை அதன் தோலோடும் ரத்தக்குழாயோடும் பெயர்த்து, கக்கத்து வழியாக முன்பக்கம் கொண்டுவந்து வைப்பார். புண் இரண்டு இடத்தில். அதனால் எல்லா இடத்திலும் இதற்கு மார்ஃபின் போன்ற அபின் குடும்பத்து மருந்துகளைத்தான் தாராளமாகக் கொடுப்பார்கள். வலி போகும். கூடவே வாந்தி வரும், மலச்சிக்கல் வரும், கண் செருகும், சில சமயம் மூச்சும் குறையும். டாக்டரம்மா அந்த மருந்தில் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இந்த ஆபரேஷனை முடித்துக் கொடுத்தார். ஸ்கேன் மிஷினை வைத்து முதுகெலும்பின் ஓரமும் நெஞ்சிலும் வலி போகிற நரம்பைத் தேடிப் பிடித்து மரப்பு மருந்தை ஏற்றுவார். பிறகு வேறு இரண்டு மூன்று மருந்துகளைச் சிறிது சிறிதாகச் சொட்ட விடுவார். காலையில் உள்ளே போன பெண் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காப்பி குடிப்பாள். இதை நான் என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பொய் இல்லை.

ஏன் இந்த வீம்பு என்று ஒருமுறை கேட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

“படிச்சு முடிச்ச புதுசுல வேற ஊர்ல இருந்தேன். ஆபரேஷன் முடிஞ்ச பொம்பளைக்கு வலின்னு நாந்தான் ஊசி போட்டேன். மத்தியானம் ஒரு மணி. எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாவ. நானும் போய்ட்டேன். வந்து பாத்தா மூச்சு இல்ல. முகத்துல ஒரு வலியும் இல்ல, அம்புட்டு அழகாத் தூங்குதா.” குழாயை மூடினார். “அன்னைக்குச் சோத்துக்குப் பருப்பும் அப்பளமும். அதுக்குப் பெறகு அப்பளத்தத் தொட்டதே இல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். 

நரம்பு தேடும்போது உடம்பில் தடவுகிற பசை ஜில்லென்று இருக்கும். அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித்தான் தடவுவார். மார்பு இல்லாத பெண்ணின் மேல் துணியை விலக்குவதற்கு முன்னால் அறையிலிருக்கும் ஆண்கள் எல்லோரையும், தியேட்டர் உதவியாளர் உட்பட, வெளியே போகச் சொல்லிவிடுவார். பிறகு புளிக்குழம்பு வைக்கிற பக்குவம் கேட்டுக்கொண்டே ஊசியை இறக்குவார். அவர்கள் பக்குவம் சொல்லி முடிப்பதற்குள் மரத்துவிடும். இப்படிச் செய்கிற டாக்டரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பேரம் அவர் ரத்தத்தில் இருந்தது. சர்ஜன் நாற்பது நிமிஷம் கேட்டால் முப்பத்தைந்தில் நிறுத்துவார். என் மகளுக்குக் காது குத்துக்கு நாலு நாள் லீவு கேட்டுப் போனேன். காது எத்தனை, இரண்டுதானே, ஒரு காதுக்கு ஒரு நாள் போதாதா என்றார். சிரித்துக்கொண்டே இரண்டு நாளோடு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏமாந்தது உறைத்தது. அப்போதும் கோபம் வரவில்லை.

தன்னிடமும் அப்படித்தான். ஒருநாள் கழுவிவிட்ட படியில் வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எத்தனை டாக்டரம்மா என்று விளையாட்டாகக் கேட்டேன். “ரெண்டு. தூக்கும்போது மட்டும் ரெண்டரை” என்றார். அந்தக் கையோடு இரண்டு ஆபரேஷனுக்கு மருந்து கொடுத்தார். சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் கீறல் விட்டிருக்கிறது. எலும்பு டாக்டர் திட்டினார். இவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு, “ரெண்டுதான் வலிச்சுது, நான் என்ன செய்ய” என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அதனால்தான் எல்லோரும் அவரை நம்பினோம்.

அவரும் பிள்ளை பெற்றவர், அதிலிருந்து வந்த துருப்புச்சீட்டு ஒன்று அவர் பேரத்தில் உண்டு. ஆழ்வார்திருநகரியில் கோவில் தெருவைச் சேர்ந்த ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் பத்து என்றார். பத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். “டீச்சர், பிள்ளைங்க எத்தனை?”

“நாலு.”

“எல்லாம் சுகப்பிரசவமா?”

“மூத்தவன் மட்டும் கஷ்டம். ரெண்டு நாள் வலி. அப்போல்லாம் ஏது ஊசி.”

“அதுக்கு எத்தனை போடுவீங்க?”

டீச்சர் மேற்கூரையைப் பார்த்து யோசித்தார். “அதுதான் பத்து.”

“அப்ப இது?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கிறது என்று கையை வைத்துக்கொண்டே சிரித்தார். “அதோட வச்சுப் பாத்தா இது என்ன பெரிசு. மூணு போட்டுக்கோங்கோ.”

போட்டுக்கொண்டோம். பிறகு இதுவே வார்டின் வழக்கம் ஆகிவிட்டது. டாக்டரம்மா வருவதற்கு முன்பே நாங்களும் “பிரசவத்தோட வச்சுப் பாருங்கம்மா” என்று ஆரம்பித்துவிடுவோம். பெரும்பாலும் எண் இறங்கிவிடும். பிள்ளை பெற்றவள் எவளும் அந்த வலியை வேறு எதற்கும் கீழே வைக்கச் சம்மதிக்க மாட்டாள்.

ஒரே ஒருத்தி மட்டும் மசியவில்லை. போலீசில் ஏட்டம்மா. எட்டு என்றாள். டாக்டரம்மா பிரசவத்தை எடுத்தார்.

“அது அன்னைக்கு வலிச்சுது, இது இன்னைக்கு வலிக்கி. எட்டுன்னா எட்டுதான். எழுதுதீங்களா, நான் எந்திரிச்சு வந்து எழுதட்டுமா?” என்றாள். எட்டு என்று எழுதினேன். அலமாரி திறந்தது. டாக்டரம்மா மறு வார்த்தை பேசாமல் ஊசி போட்டார். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதட்டத் தெரிந்தவளுக்கு மருந்து கிடைத்தது என்பதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். ஏட்டம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று நர்சுகள் பேசிச் சிரித்ததில் நானும் இருந்தேன்.

என் மதினியை நான்தான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மதினி வள்ளியூரில் ரவிக்கை தைக்கிறாள். மூத்த அண்ணன் மனைவி. அப்போது நாற்பத்துநாலு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளத் தானே ஒரு சின்னப் பை தைத்து, உள்ளே கேழ்வரகு நிரப்பிக்கொண்டாள். இரண்டு பக்கமும் எடை ஒத்து வர வேண்டுமே என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தாளாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக் கையைத் தூக்கினால் பை ஏறிக்கொள்ளும். ஒரு மழைக்காலத்தில் துவைத்துச் சரியாகக் காயாமல் கேழ்வரகு முளை விட்டுவிட்டது. அதை அவளே சொல்லிச் சிரித்தாள். நான் சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

மார்பு வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது அண்ணனுக்கு இஷ்டமில்லை. “இந்த வயசுல எதுக்கு அதெல்லாம்? யாரு பாக்கப் போறா?” என்றான்.

“நான் பாக்கேன்லா” என்றாள் மதினி. “தெனமும் கண்ணாடிக்கு முன்னால நின்னு ஊருக்கெல்லாம் அளவு எடுக்கவ நாந்தான? வாரவ எல்லாம் எஞ் சட்டையத்தான் மொதல்ல பாக்கா.”

அண்ணன் அதற்குப் பிறகு தடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. முதல் ஆபரேஷன் முடிந்து வலி ஊசி போட்டதில் இரண்டு நாள் விடாமல் வாந்தி. ஒவ்வொரு வாந்திக்கும் தையல் பிய்ந்துவிடும்போல் இருந்ததாம். அதை நினைத்தே வேண்டாம் என்றாள்.

“எங்க டாக்டரம்மா அந்த ஊசியே போட மாட்டாவ மதினி. வாந்தி வந்தா என்னைக் கேளுங்க” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

காலை எட்டு மணிக்கு உள்ளே போனாள். மத்தியானம் வார்டுக்கு வந்தாள். அன்றைக்கு நான் வேறொருத்தியோடு டூட்டி மாற்றிக்கொண்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். மூன்று மணிக்குக் காப்பி கேட்டாள். குடித்துவிட்டு, “பிள்ளே, கொமட்டக்கூட இல்ல” என்றாள். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, போர்வையை இரண்டு விரலால் பையத் தூக்கி உள்ளே பார்த்தாள். “ரெண்டும் இருக்கு” என்றாள். மூன்று வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு வலிக்கிறது என்றாள். ஆறு என்றாள். இருமும்போதுதானே என்று நானே கேட்டு அப்படி எழுதிக்கொண்டேன், இருமும்போது உள்ள எண்ணுக்குச் சர்ஜனைக் கூப்பிடுவதில்லை. ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டு போடாமல் விட்டிருந்த புது மார்பின் தோலைப் பார்த்தேன். சூடு இருந்தது. நிறமும் சரியாகத்தான் பட்டது. எங்கள் நிறத்துத் தோலில் நீலம் பாரித்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் லேசில் தெரியாது. ரத்தம் வடிய வைத்திருந்த பாட்டிலில் அதிகம் இறங்கவில்லை. நல்லதுதான், ரத்தம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு எட்டு என்றாள். வேர்த்திருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதினியின் நெற்றி வேர்வையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“எத்தனை?”

“எட்டு இருக்கும் டாக்டரம்மா. உள்ளுக்குள்ள நெரிச்சுக்கிட்டே வருது.”

“எட்டா? எங்க சிஸ்டர் வீட்டு ஆளு நீங்க, உங்களுக்கு எட்டு வர விடுவேனா? பிள்ளைங்க எத்தனை உங்களுக்கு?”

மதினி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். திருச்செந்தூர், ராமேஸ்வரம், மதுரையில் ஒரு டாக்டர், நாகர்கோவிலில் ஒரு டாக்டர் என்று போகாத இடமில்லை. நான் டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

“எனக்குப் பிள்ளை இல்ல டாக்டரம்மா.”

 டாக்டரம்மாவின் முகத்தில் வருத்தம் வந்தது நிஜம். மதினியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் அவர் பேரத்தை விட்டிருக்கலாம். விடவில்லை. விட வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் நான் வாயைத் திறந்தேன்.

“பிரசவத்துக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல மதினி. நான் ரெண்டு பெத்தவ சொல்லுதேன்” என்றேன்.

அவளைத் தைரியப்படுத்துவதாகத்தான் நான் நினைத்தேன். டாக்டரம்மாவுக்கு முன்னால் என் வீட்டு ஆள் சின்ன வலிக்குக் கத்துகிறவள் என்று ஆகிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டும்தான். இரண்டாவதை ஒத்துக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள். “நான் பெத்தவ இல்லல்லா. பெரிய வலி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும். கொறச்சே போட்டுக்கோங்க.”

“நாலுக்கும் மூணுக்கும் நடுவுலயா?”

“அப்படியே வைங்க.”

மூன்று என்று எழுதினேன். டாக்டரம்மா சொட்டுகிற மருந்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, அவள் கண் அயரும்வரை கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். சர்ஜன் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த விடுதியில்தான் இருந்தார். கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் வந்திருப்பார். மூன்றுக்கு யாரும் சர்ஜனைக் கூப்பிடுவதில்லை. எட்டு மணிக்கு நான் டூட்டி மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு அடுத்து வந்தவளும் மூன்று, மூன்று என்றே எழுதியிருந்தாள். தூங்குகிறவளை எழுப்பிக் கேட்பானேன்.

மறுநாள் காலையில் சர்ஜன் போர்வையை விலக்கினார். மார்பு கல்லாக இறுகிக் கறுத்திருந்தது. உள்ளே ரத்தம் கட்டி, அந்தத் தசைக்குப் போய் வருகிற குழாயை நெரித்துவிட்டது. திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கட்டிய ரத்தத்தை எடுத்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். உயிர் வரவில்லை. மூன்றாம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். முன்னால் ஒரு தழும்போடு வந்தவள் முதுகில் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. தங்கச்சி வேலை பார்க்கிற இடம் என்று பேசாமல் இருந்தான். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சர்ஜனின் அறையில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். எத்தனை மணிக்கு வலி ஆரம்பித்தது, யாருக்கு எப்போது சொன்னீர்கள் என்று. டாக்டரம்மா தாளை எடுத்து மேஜையில் வைத்தார். “நாலு மணிக்கு ஆறு, அது இருமினப்ப. அஞ்சேகாலுக்கு நானே போய்ப் பாத்தேன். மூணு. அதுக்குப் பெறகு காலைல வரைக்கும் மூணுதான்.”

ஐந்து மணிக்கு அவள் சொன்ன எட்டு அந்தத் தாளில் இல்லை. டாக்டரம்மா வந்து பேசிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று கட்டத்தை விட்டுவைப்பதுதான் எங்கள் பழக்கம். இரண்டு எண் எழுதினால் அடித்துத் திருத்த வேண்டி வரும், தாள் அசிங்கமாகும்.

சர்ஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணுன்னா யாரும் கூப்பிட மாட்டாங்கதான். முன்னாடியே பாத்திருந்தாலும் காப்பாத்தியிருப்போம்னு சொல்ல முடியாது” என்றார்.

“எந்த மணிக்கு அடச்சுதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் டாக்டரம்மா. “பாதிக்குப் பாதி வாய்ப்புதான். அதுவும் நாலு மணிக்கே தையலப் பிரிச்சுப் பாத்திருந்தா.” கொஞ்ச நேரம் கழித்து, “பாதிகூட இல்ல. நூத்துக்கு முப்பது” என்றார்.

என்னைப் பார்த்து, “சிஸ்டர், நீங்க என்ன சொல்லுதீங்க?” என்று சர்ஜன் கேட்டார். தாளில் இருந்தது என் கையெழுத்து. “தாள்ல உள்ளதுதான் சார்” என்றேன்.

அதற்கு அடுத்த வருஷம் டாக்டரம்மா கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு கூட்டத்தில் தன் முறையைப் பற்றிப் பேசினார். அந்தப் படங்களை எங்களுக்கும் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு பெண்ணுக்கும், இருமாமல் சும்மா கிடக்கும்போது சொன்ன எண்ணை வைத்து, ஒரு கோடு. எல்லாக் கோடும் நாலுக்குக் கீழேயே ஓடின. மேலே போனது ஒன்றே ஒன்று, ஏட்டம்மாவுடையது. மதினியின் கோடு எது என்று நான் தேடவில்லை. அதுவும் கீழேதான் எங்கேயோ இருந்திருக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இன்றைக்கு அவர் முறையில் எத்தனையோ இடங்களில் ஆபரேஷன் நடக்கிறது என்று சொல்கிறார்கள். நடக்கட்டும். மருந்தில் எந்தக் குறையும் இல்லை. என் மதினியின் விஷயத்திலும் மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதை மீறி வந்த வலி ஒன்று இருந்தது. அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இறக்கிவிட்டோம்.

இதற்கெல்லாம் முன்னால், வைத்த மார்பைத் திரும்ப எடுத்த மறுநாள், டாக்டரம்மா மதினியைப் பார்க்க வந்தார். வராமல் இருந்திருக்கலாம், அன்றைக்கு அவருக்கு விடுமுறை. வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவருக்குப் பேச்சை ஆரம்பிக்க வேறு வழி தெரியாது.

“எத்தனைம்மா?” என்றார்.

மதினி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குரலில் கோபம் இல்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் பேசுவாளே, அந்தக் குரல்தான்.

“நீங்க ரெண்டு பேரும் பெத்தவங்க. நீங்களே பேசி ஒண்ணப் போட்டுக்கோங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பேனா என் கையில் இருந்தது. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது விதி. மூன்று என்று எழுதினேன். டாக்டரம்மா தாளை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டார்.